எங்கள் கம்பெனியில் யாரும் சாகவில்லை

எங்கள் பஸ் கம்பெனியில் யாரும் செத்ததே கிடையாது. சிரிக்காதீர்கள், அதன் பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவே பஸ் விட வேண்டுமென்று சில குடியானவர்கள் கூடி ஆரம்பித்த லிமிடெட் கம்பெனி அது. என் வீட்டுக்காரரும் ஒரு பங்குதாரர். பூமியெல்லாம் தம்பியோடு பொதுவில் இருந்தது. இந்தப் பங்கு மட்டும் அவர் தனியாகப் பாடுபட்டு வாங்கியது. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ளுவார்கள், நாங்கள் உட்கார்ந்தபடி சிரிப்போம். வீட்டுக்கு வந்து சேலையை உதறினால் கரி வாசம் வரும். இப்போதும் எங்காவது அந்த வாசம் அடித்தால் நின்றுவிடுகிறேன்.

கம்பெனியின் எழுத்து வேலையெல்லாம் கணக்கய்யா பொறுப்பு. சட்டம் என்றால் அவருக்கு உயிர். புஸ்தகங்களை இரும்புப் பெட்டியில் வைத்து, பூச்சி வராமல் நடுநடுவே வேப்பிலை போடுவார். எழுதினதைச் சுரண்டக் கூடாது; தப்பு வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து. கூட்டத்தில் பேசினதை எழுதும்போது நடுவில் வெற்றிடம் விடமாட்டார். இத்தனை கெட்டியான மனுஷர் ஒரு விஷயத்தில் மட்டும் சட்டத்தை மறந்துவிடுவார்.

யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதும் மெம்பர் பதிவேட்டுக்கு முதல் நாளே மஞ்சள் தடவிப் பூஜை போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அப்படிப்பட்ட மங்கலமான புஸ்தகத்தில் 'காலமானார்' என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. டைரக்டர்களும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே செத்தவர்களுக்கும் வருஷக் கூட்டத்துக்கு நோட்டீஸ் போய்க்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் தபால்காரர் வாசலில் நின்று உறையில் இருந்த அவர் பெயரை உரக்கப் படித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உறையைப் பிடுங்கி எறிந்தேன். அதற்கடுத்த வருஷமோ, நோட்டீஸ் வரும் மாசம் பிறந்ததுமே வாசலில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். புருஷன் பெயரை நான் சொல்லக் கூடாது. மற்றவர்கள் என் எதிரில் சொல்லப் பயந்தார்கள். அந்த வீட்டில் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல தபால்காரரை விட்டால் யார் இருந்தார்கள்?

நோட்டீஸை என் கொழுந்தனார் வாங்கிப் போய், கூட்டத்தில் அண்ணன் பெயரில் அவரே கையெழுத்துப் போட்டு வருவார். ஒரு வருஷம் கம்பெனியைச் சேலத்து முதலாளி ஒருவருக்கு விற்கப் போவதாகப் பேச்சு வந்தது. கொழுந்தனார் சரியென்று தலையாட்டியிருந்தார். விற்றால் பணம் பொதுக் குடும்பத்தில் கரைந்துவிடும். எனக்கும் மகளுக்கும் தனியென்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

"நங்கை, உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்? நான் பாத்துக்க மாட்டனுங்களா?" என்றார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீங்க பாத்துக்குவீங்க. உங்க அண்ணன் எப்படிங்க இன்னமும் கையெழுத்துப் போடறாரு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கரி வண்டியில் ஏறிக் கம்பெனிக்குப் போனேன்.

பங்கை என் பெயருக்கு மாற்றச் சொன்னதும் கணக்கய்யா எழுந்து நின்றுவிட்டார். "வாரிசுன்னு உங்க பேரை ஏத்தலாமுங்க, சட்டத்துல இடம் இருக்குதுங்க. ஆனா அதுக்கு முன்னால அவரு பேருக்கு நேரா அந்த வார்த்தைய எழுதோணும். மஞ்ச வெச்ச புஸ்தகமுங்க சாமி. என் கையால எப்படீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ர மஞ்சளையும் பொட்டையும் ஊரே சேர்ந்து அழிச்சீங்க. அப்ப யாரு கையும் நடுங்கலீங்க. உங்க புஸ்தகத்துல அவரு உசுரோட இருக்கறாருன்னா சொல்லுங்க, நாளைக்கே நான் பொட்டு வெச்சுக்கிட்டு வாரேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. பெட்டியைத் திறந்தார். ஆனால் அன்றைக்கே எழுதிவிடவில்லை, முறையை விடுகிற ஆளா அவர்? மணியக்காரரிடம் சாவுப் பதிவின் நகல் வாங்கி வரச் சொன்னார். டைரக்டர்கள் கூட்டத்தில் வைத்து, மினிட்ஸ் எழுதி, பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் முன்னால்தான் எழுதினார். என் வீட்டுக்காரர் பெயர் மேல் மெல்லிசாக ஒரே கோடு, பக்கத்தில் அந்த வார்த்தை. பெயரைப் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே என் பெயர். பிறகு ஒரே மூச்சாக மற்ற செத்தவர்களுக்கும் எழுதி முடித்துவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார்.

அந்த விற்பனைக் கூட்டத்தில் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டாமென்று கை தூக்கினேன். எனக்கு முன்னால் சிலர் தூக்கியிருந்தார்கள், பின்னால் இன்னும் சிலர் தூக்கினார்கள். விற்பனை நின்றது. கொழுந்தனார் பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பொங்கலன்று கரும்புக் கட்டோடு அவரே வந்தார், எல்லாம் சரியாகிவிட்டது. என் மகள் படித்தது அந்தப் பங்கின் லாபத்தில்தான்.

மறு வருஷம் நோட்டீஸ் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படித்தார். என் பெயர். ஒரு வெளியாள் என் பெயரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுப் போராடி வாங்கிய பெயர், எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் உறையை வாங்கிக்கொண்டு அவர் பையையே பார்த்தபடி நின்றேன்.

"இன்னொண்ணு இருக்குமே, பாருங்க" என்றேன்.

அவர் பைக்குள் கையை விட்டுத் தேடிப் பார்த்தார். "இல்லீங்க சாமி. உங்க பேருக்கு மட்டுந்தானுங்க."

அவர் தலை மறையும்வரை பொறுத்திருந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.