புடவை அலமாரிக்குள் கிட்டார்

எண்பதுகளில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் எலக்ட்ரிக் கிட்டாரைக் கேசட்டில் பதிவு செய்தபோதெல்லாம் தகரத்தைச் சுரண்டுவதுபோலவே கேட்டது. கிள்ளான் இசைக்குழு ஒன்றில் சேர எனக்கு நல்ல பதிவு தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தாருக்குக் கேட்டுவிடுமே என்ற கூச்சத்தில், ஒருநாள் ஒலிபெருக்கியையும் மைக்கையும் மனைவியின் புடவை அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டு வாசித்தேன். பதிவைக் கேட்டு மலைத்துப்போனேன். கரகரப்பைப் புடவைகள் உறிஞ்சிவிட, அத்தனை இனிமை! அந்தக் கேசட்டைக் குழுவுக்கு அனுப்பினேன்.

குழுத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "எந்த ஸ்டூடியோ அண்ணே? இதே சவுண்டு சனிக்கிழமை மேடையில வேணும் லா."

"வீட்டுலதான்..." என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

மனைவியோ, "அலமாரியையும் லோரியில ஏத்திக்கிட்டுப் போங்க," என்று சிரித்தாள்.

கிட்டாரோடு மட்டும் போனேன். மேடையில் அதே தகரச் சத்தம்தான் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் தலைவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"சவுண்டு கிடக்கட்டும். அடுத்த வாரமும் வந்துருங்க அண்ணே."

என்னிடம் அவர் என்ன கண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் நான் துணியவில்லை.