மார்டள்ளிக்குப் போன பதினான்காவது பாட்டில்

1997 பிப்ரவரியில் மூன்று நாள் வேலையாக மைசூருக்குப் போனேன். மூன்று நாள் ஐந்து நாளாகி, திட்டத்தில் இல்லாத ஓர் ஊருக்கும் போய்வர நேர்ந்தது. மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் தாண்டிப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நேரம், கட்டணம் எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன். நடுவில் வேலையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது இல்லாமல் நான் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

சென்னையில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். படித்தது வேதியியல். கடந்த இரண்டு வருடங்களாக, குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மாத்திரை பாட்டில் மூடி ஒன்றில் வேலை செய்துவந்தேன். அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். சும்மா திருப்பினால் டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டே இருக்கும். மைசூரில் மாத்திரை தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனி, இரும்புச்சத்து மாத்திரைக்கு அதை வாங்க யோசித்தது. ரத்தசோகை உள்ள பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரை. சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு, மிட்டாய் போலவே இருக்கும். சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி தின்றால் உயிருக்கே ஆபத்து.

சென்னையிலிருந்து இரவு ரயில். சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மைசூர். ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு ஆட்டோ பன்னிரண்டு ரூபாய் கேட்டார்கள், பத்துக்கு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சோதனை. நகரத்தின் வடக்கு ஓரத்தில், கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு பாலர் பள்ளி. நான்கு வயதை ஒட்டிய குழந்தைகள் பதினான்கு பேர். இருவர் இருவராக உட்காரவைத்து, கையில் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவோம். பிறகு ஒரு முறை திறந்து காட்டிவிட்டு, "பல்லாலும் கடிக்கலாம்" என்று சொல்லி இன்னும் ஐந்து நிமிடம். குழந்தைகளுக்குத் திறக்கும் ஆசை வர வேண்டுமே என்று, முதல்நாள் மாலை சந்தையில் நானே சிவப்பு ஜீரக மிட்டாய் கால் கிலோ வாங்கி பாட்டில்களில் போட்டிருந்தேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. என் யோசனைதான்.

பன்னிரண்டு குழந்தைகள் தோற்றார்கள். ஒரு பையன் நான் செய்து காட்டியதைப் பார்த்துத் திறந்தான். சரண்யா என்ற பெண் நான் எதையும் காட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டாள். பாட்டிலைத் தரையில் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மேல் மார்பை வைத்துப் படுத்து, அடிப்பக்கத்தைப் பிடித்துத் திருகினாள். மூன்று நிமிடம் ஆயிற்று. கம்பெனி மேனேஜர் கைதட்டினார். பதினான்கில் இரண்டுதானே என்று அவருக்கு மகிழ்ச்சி. முடிந்ததும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த பாட்டில்களிலிருந்தே மிட்டாய் கொடுத்தோம். அழைத்துப்போக வந்த தாய்மார்களுக்கு, வீட்டில் பயன்படுத்திப் பார்ப்பதற்காக ஆளுக்கு ஒரு பாட்டில். அதே பாட்டில், அதே மூடி. உள்ளே நிஜ மாத்திரை முப்பது.

படிப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கணக்கெடுக்கப் பள்ளிக்குப் போனேன். ஒரு தாய் சிரித்துக்கொண்டே பாட்டிலை நீட்டினாள். மூடியைச் சுற்றிலும் பல் தடம்.

"ராத்திரி பூரா இதக் கட்டிக்கிட்டே கெடந்தான் மேடம். மிட்டாய் குடு, மிட்டாய் குடுன்னு ஒரே அழுகை."

இந்த பாட்டிலுக்குள் மிட்டாய் இருக்கிறது என்று பதினான்கு குழந்தைகளுக்கும் பாடம் நடத்திவிட்டு, அதே பாட்டிலில் விஷம் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பள்ளி ஆயா ஜெயாவை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஜெயா; பேச்சில் கன்னடம் பாதி. "சும்னே டென்ஷன் ஆகாதீங்க மேடம், எல்லாம் சிக்கிடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறரை மணிக்குள் பதின்மூன்று பாட்டில்கள் சிக்கின. எந்தக் குழந்தைக்கும் எதுவும் இல்லை. பதினான்காவது வீட்டில் பூட்டு.

"பூங்கொடி வீடு இது. சரண்யா அம்மா. நேத்து சாயங்காலமே ஊருக்குப் போயிட்டா மேடம், மார்டள்ளி. தம்பி மகனுக்குக் காது குத்து."

"பாட்டில்?"

"எடுத்துட்டுத்தான் போயிருப்பா. தினம் ஒண்ணு போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். காட்டித்தராமலே திறந்த ஒரே குழந்தையின் வீடு.

மார்டள்ளியில் அந்த வீட்டுக்குத் தொலைபேசி இல்லை. அன்றைக்கு அங்கே போய்ச்சேரும் பஸ்ஸும் இல்லை என்று நிலையத்தில் சொன்னார்கள். வாடகைக் கார்க்காரர்கள் இருவர், காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு வரமாட்டோம் என்றார்கள். ஒரு குழந்தை மருத்துவரைப் பார்த்துக் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முதல்ல வாந்தி எடுக்கும். அப்புறம் சில மணி நேரம் தேறினாப்ல இருக்கும், விளையாடக்கூடச் செய்யும். அதை நம்பிடாதீங்க. அதுக்கப்புறம்தான் மோசமாகும்."

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் கொள்ளேகால் பஸ். சுமார் அறுபது கிலோமீட்டர், பதினாறு ரூபாய், இரண்டு மணி நேரம். நரசிபுரத்தில் பாலத்துக்கு முன் பத்து நிமிடம் நின்றது. டிரைவர் டீ குடித்தார். ஆற்றைப் பார்த்து ரசிக்கும் நிலையில் நான் இல்லை. கொள்ளேகாலில் உடனே ஹனூர் வண்டி கிடைத்தது; இருபத்தைந்து கிலோமீட்டர், ஏழு ரூபாய். ஹனூரில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருப்பு. அங்கே நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். கழிப்பறையை நம்பாதீர்கள்.

ஹனூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் ஏறினார். சந்தனக் கடத்தல்காரனைக் காட்டில் தேடிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் அந்தப் பாதையில் அது வழக்கம். என் துணிப்பையைத் திறந்தார். மீட்டெடுத்த பதின்மூன்று பாட்டில்களையும் விடுதி அறையில் விட்டுவர மனம் ஒப்பாமல் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஏறக்குறைய நானூறு சிவப்பு மாத்திரை.

"யாருக்கம்மா இத்தனை மருந்து? காட்டுக்குள்ளே யாருக்குக் கொண்டு போறீங்க?"

ஒன்றைத் திறக்கப் பார்த்தார். மூடி டிக் டிக்கென்று சுற்றியது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவருக்கும் சுற்றியது. சந்தேகம் இரட்டிப்பானது. கம்பெனிக் கடிதத்தைக் காட்டினேன். அழுத்தித் திருப்பித் திறந்தும் காட்டினேன். கண்டக்டர் பின்னாலிருந்து, "சார், ரத்த மாத்திரைங்க, எம் பொண்டாட்டியும் இதத்தான் முழுங்கறா. அந்தம்மாவப் பாத்தா வாத்தியாரம்மாவாட்ட இருக்குது, உடுங்க" என்று பரிந்துபேசினார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அந்த இருபத்தைந்து நிமிடம்தான் கணக்கு.

பதினொன்றே முக்காலுக்கு மார்டள்ளி. பெரிய ஊர். காது குத்து நடந்த வீடு என்றதும் கடைக்காரர் கை காட்டினார். முந்தின நாள் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் மண்ணில் சரண்யா இன்னும் இரண்டு குழந்தைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நியாயமாக எனக்கு அங்கேயே உயிர் வந்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

"அட, மேடமுங்களா! வாங்க வாங்க. ஏனுங் அங்கயே நின்னுட்டீங்க?" பூங்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நேத்து சரண்யா வாந்தி எடுத்தாளா?"

"இல்லீங்களே. ஏனுங்?"

"பாட்டில் எங்கே?"

உள்ளே போய் அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள். மூடி இருந்தது. குலுக்கினாள். மாத்திரைச் சத்தம் இல்லை. வேறு ஏதோ கிணுங்கியது. திருப்பினாள், டிக் டிக். சலித்துக்கொண்டு, "சரண்யா! இங்க வா கண்ணு, இதைத் தொற" என்று குரல் கொடுத்தாள்.

குழந்தை ஓடி வந்தது. பாட்டிலைக் கவிழ்த்தது, மேலே படுத்தது, திருகியது. நிமிர்ந்து உள்ளே பார்த்துவிட்டு, "இன்னும் மிட்டாய் வரல" என்று சொல்லி அம்மாவிடம் நீட்டியது.

உள்ளே பஞ்சில் சுற்றி ஒரு ஜோடித் தோடும், காது குத்திய பையனுக்குச் சீராக வந்த சின்னக் கடுக்கனும்.

"நல்ல கெட்டி மூடிங்க. கொழந்தைங்க தொறக்க முடியாதுன்னு நீங்க சொன்னீங்கள்ள? விசேச வீடு, பத்துப் பேர் வருவாங்க போவாங்க. அதான் தோட்டை இதுல போட்டுட்டேன். இந்த ஊருல எங்களுக்குத் தொறக்க வருமா? இவதான் எல்லாத்துக்கும் தொறந்து குடுக்கறா."

"மாத்திரை?" என்றேன்.

"அது பேப்பர்ல மடிச்சு வெச்சிருக்கேனுங்க." கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலம் வந்தது. என் இடுப்பு உயரம். சரண்யாவுக்குக் கை எட்டும்.

தரையில் உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது. இரண்டு நாளுக்கு இரண்டு போனாலும் இருபத்தெட்டு இருக்க வேண்டும். ஒன்பது குறைந்தது.

"எந் தம்பி பொண்டாட்டிக்கு ஒரு புடி குடுத்தனுங்க. அவளுக்கும் ரத்தம் இல்லைன்னுட்டாங்க."

தம்பி மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆறு. ஒன்று விழுங்கிவிட்டாளாம். இன்னும் இரண்டு. இரண்டு மாத்திரை என்பது ஒரு குழந்தைக்குப் பெரிய ஆபத்து இல்லாமலும் போகலாம். ஆனால் மீதி எல்லாம் சரியாக எண்ணியவைதானா என்று எனக்கு எந்த உறுதியும் இல்லை. சரண்யாவைக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னேன். சிவப்பு இல்லை. அதுவும் எதையும் நிரூபிக்காது.

பந்தல் கம்போடு வாசலில் நின்ற பூங்கொடியின் தம்பி மெதுவாகச் சொன்னான். "அக்கா, அதுல ரெண்டு நான் போட்டுட்டேன்."

"நீயாடா? உனக்கெதுக்குடா ரத்த மாத்திரை?"

"நேத்துக் காலைல தலை கிறுகிறுன்னுச்சு. சத்து மாத்திரைதானேன்னு…"

"தலை ஏன் கிறுகிறுங்காது? மொத நாள் ராத்திரி மாப்பிள்ளைகளோட சேந்து ஊத்துனது யாரு?" என்றாள் அவன் மனைவி.

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் பொய் சொல்லலாம். வேறு வழி தெரியாமல் கேட்டேன்: "இன்னைக்குக் காலையில வெளிக்குப் போனது என்ன நிறம்?"

அவன் காது சிவந்துபோய், "கருப்பா… தாரு மாதிரிங்க. நானே பயந்துட்டேன்" என்றான். இரும்புச்சத்து அப்படித்தான் செய்யும். பிறகு சரண்யாவைப் பற்றிப் பூங்கொடியிடம் அதையே கேட்டேன். எப்போதும் போலத்தான் என்றாள். பெண்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். "மெட்ராஸ்ல இருந்து இதைக் கேக்கவா வந்தீங்க?" என்றாள் தம்பி மனைவி. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கண்ணில்தான் தண்ணீர் வந்தது. மோர் கொடுத்தார்கள். இரண்டரை மணி பஸ் வரை அங்கேயே உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை என்று ஜெயா பிறகு சொன்னார்.

பொட்டலத்தையும் ஆறு மாத்திரையையும் வாங்கிக்கொண்டேன். பாட்டிலை எடுத்தபோது மட்டும் பூங்கொடி கையைப் பிடித்தாள். "இது இருக்கட்டுங் மேடம், தோடு வைக்க வசதியா இருக்குது." கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் ஒன்று தெளிவாயிற்று. பூங்கொடி நான் சொன்னபடி மாத்திரையை பாட்டிலிலேயே வைத்திருந்தால், சரண்யா முதல் நாளே திறந்து தின்றிருப்பாள். அவள் தேடியது பாட்டிலை. செய்தித்தாள் பொட்டலத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் சொல்லை மீறியதால்தான் குழந்தை பிழைத்தது. இன்னொரு வீட்டில் பொட்டலத்தையே ஒரு குழந்தை பிரித்துவிடும். நல்ல பாட்டில் என்றால் நம் வீடுகளில் அதில் மாத்திரை நிலைக்காது. நகையோ கிராம்போ குடியேறிவிடும்.

வெள்ளிக்கிழமை மைசூரில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இந்த மாத்திரைக்கு பாட்டிலே வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடித்த ஃபாயில் ஸ்ட்ரிப்பில் அடைக்க வேண்டும். நாத்தனாருக்கு நாலு கொடுக்க வேண்டுமென்றால் வெட்டிக் கொடுக்கட்டும், உறையோடு போகும். ஒவ்வொன்றையும் தனியாகக் கிழிப்பதற்குள் குழந்தைக்கு அலுத்துவிடும், அல்லது யாராவது பார்த்துவிடுவார்கள். மிட்டாய் வைத்து நான் செய்த தவற்றையும் எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க கம்பெனி ஸ்ட்ரிப் பண்றதில்லையே?" என்றார். இல்லை என்றேன். சென்னை திரும்பியதும் என் மேலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மைசூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் மார்டள்ளி போய் அன்றே திரும்பலாம். இரண்டரை மணி வண்டியை விட்டால் தங்கத்தான் வேண்டும், விடுதி கிடையாது. போக வர அறுபத்தைந்து ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளக் கடிதம் அவசியம். ஹனூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மாத்திரையை வேறு எதிலும் மாற்றி எடுத்துப்போகாதீர்கள். யார் வீட்டில் தங்கினாலும், உங்கள் பை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நான் இப்போதெல்லாம் காபி வருவதற்கு முன்பே எழுந்துபோய், என் பையோடு அந்த வீட்டுக்காரர்களின் பையையும் சேர்த்து மேல் ஆணிக்கு மாற்றிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.