குருவிக்குத் திறந்த யன்னல்

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில், எட்டாம் மாடியில், கண்ணாடி அடைத்த பல்கனியில் நான் ஓர் அகத்தி வளர்த்தேன். மனைவிக்காகத்தான். ஏகாதசி விரதம் பிடிக்கிறவர். மறுநாள் காலை அகத்திக்கீரை வறையோடு பாரணை பண்ணி விரதத்தை முடிக்க வேண்டும். இங்கே வந்த நாள்முதல் கடையில் விற்கும் ஸ்பினாட் கீரையைத்தான் வறுத்துக்கொண்டிருந்தார். பெருமாளும் நோர்வேக்கு வந்த பிறகு அதிகம் கேள்வி கேட்பதில்லை.

ஊரிலிருந்து வந்த விதைகளில் முளைத்தது ஒன்றே ஒன்று. அது குளிர்காலத்தைத் தாங்காது, அதற்குள் விதை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். காய் முற்றும்வரை ஓர் இலையும் கிள்ளக்கூடாது என்று சட்டமும் போட்டேன். கோடையில் பூக்கள் வந்தன, விழுந்தன. அகத்தி ஆயிரம் காய்த்தாலும் புறத்தி புறத்தியே என்பார்கள். என் அகத்திக்கு ஒன்று காய்க்கவே வழியில்லை.

வாசித்துப் பார்த்தால், அகத்திப் பூவுக்குத் தேன்சிட்டு வந்து மகரந்தத்தைக் காவ வேண்டுமாம். ஒஸ்லோவில் ஏது தேன்சிட்டு? பக்கத்து வீட்டு நோர்வே அம்மா ஆறுதல் சொன்னார். இங்கே பூக்களுக்கு வண்டும் தேனீயும்தான். ஆனாலும் தேனீக்கள் குளிருக்கு எழும்பாத நாட்களில், ப்ளோமைஸ் என்ற சின்ன நீலக் குருவி வில்லோ மரப் பூவில் தேன் குடிப்பதைத் தான் கண்டிருக்கிறாராம்.

எனக்கு அது போதாதா? யன்னலைத் திறந்து, குருவிகளுக்கென்று கடையில் விற்கும் கொழுப்பு உருண்டை ஒன்றையும் தொங்கவிட்டேன். குருவி வந்தது, உருண்டையைத் தின்றது, பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் மனைவியின் கண்மைத் தூரிகையை எடுத்து, பூவுக்குப் பூ மகரந்தம் தடவி நானே குருவியானேன். ஒரு காய் பிடித்தது!

“இஞ்சேருங்கோ, நாளைக்குப் பாரணை. ஒரு பிடி ஆயட்டோ?” என்று மனைவி கேட்டார்.

“விசரே உமக்கு? காய் முத்தட்டும்.”

மறுநாள் அவர் இரண்டடி தூரத்தில் மரம் நிற்க, ஸ்பினாட்டோடு விரதத்தை முடித்தார். அடுத்த ஏகாதசிக்கும் அதே கதை.

மூன்றாவது ஏகாதசி ஒக்டோபரில் வந்தது. பிந்திப் பூத்த பூக்களுக்குக் குனிந்து குனிந்து தூரிகை பிடித்து நாரி நொந்துபோய், குருவிக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்போமென்று அன்று யன்னலைத் திறந்தவன், மூட மறந்துபோனேன். இரவு உறைபனி. விடிய எழும்பிப் பார்த்தால் இலையெல்லாம் அவித்ததுபோல் கறுத்துத் தொங்கியது. காயும்தான்.

ஐயோ என்று தலையில் கைவைத்து நின்றேன். மனைவி ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கொப்புக் கொப்பாகத் தடவி, சுவரோரம் தப்பிக் கிடந்த ஓர் இணுக்கை ஆய்ந்தார். தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தும் ஒரு கரண்டிதான் தேறியது. அதை அப்படியே என் தட்டில் வைத்தார்.

“எனக்கேன்? நீரல்லோ விரதம்.”

“நான் ஒரு நாள்தானே பிடிச்சனான். நீங்கள் ஓர் இலை தொடாமல் மாசக்கணக்கிலை பிடிச்சனீங்கள். சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன். கைத்தது. முதல்நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர், தான் இன்னும் ஒன்றும் வாயில் வைக்காமல், நான் முடிக்கும்வரை முன்னாலேயே இருந்தார்.