அழித்துவிட்டதாக நான் சொன்ன வீடியோ

கலாவதி இறந்த செய்தி எனக்கு ஒரு வீடியோவாக வந்தது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே வந்து விழுந்தது. உப்பு பேக்கிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் மோதியிருக்கிறது. எடுத்தவன் கிட்டே போய் முகம் தெரிய எடுத்திருந்தான். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பில் பாதி என்மேலேயே வந்ததுதான். ஏன் என்று கலாவதியை அறிந்த உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் மரக்காணத்தில் தமிழாசிரியர். என் மகள் மதி எட்டு வயதில் படி இறங்கும்போதுகூட ஒரு காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பாள். அவள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் குட்டிக்கரணம் போட, இவள் மட்டும் சுவரோரம் நின்றாளாம். விளையாட்டு ஆசிரியர் அவளுக்கு 'ஜடம்' என்று பெயர் வைத்திருந்தார். அவரிடம் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். நானோ மானம் போய்விட்டதென்று மகளை வீட்டிலேயே பழக்கக் கிளம்பினேன். ஷெட்டில் கிடந்த பழைய உப்புச் சாக்குகளை வாங்கி, ஒரு தண்ணீர் அலசி, வைக்கோல் அடைத்து மெத்தை தைத்தேன். தலையைப் பிடித்து அழுத்தி உருட்டினேன். தையலில் இருந்த உப்பு அவள் கண்ணில் பட்டு, குழந்தை அலறிவிட்டாள்.

எதிர்வீட்டிலிருந்து கலாவதி ஓடிவந்தார். முதல் வேலையாக அவள் கண்ணைக் கழுவிவிட்டார். பிறகு சாக்கைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னா சார், புள்ளைய உருட்டுறீங்களா, கருவாடு போடுறீங்களா?"

அன்றுதான் தெரிந்தது, அவர் ஒன்பதாம் வகுப்புவரை விளையாட்டு விடுதியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர் என்று. மணிக்கட்டு உடைந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பதினோரு வருடமாக எதிர்வீட்டில் இருந்தவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

வேலை முடிந்து வந்ததும் மாலையில் அரைமணி நேரம் எங்கள் கூடத்துக்கு வருவார். தன் வீட்டுப் பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் தலையணை கொடுத்துச் சரிவாக்கினார். முதல் வாரம் முழுக்கக் குட்டிக்கரணம் என்ற பேச்சே இல்லை. படுத்து உருளுவது, கரடி நடை நடப்பது, தாடைக்குக் கீழே கைக்குட்டையை இடுக்கிக்கொண்டு அது விழாமல் குந்துவது, அவ்வளவுதான். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தால் தலை தரையில் இடிக்காது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. "பயப்படாத மதி" என்று ஒருநாள் நான் நடுவில் புகுந்தேன். "அத்த சொல்லாதீங்க சார். பயப்பட என்னமோ இருக்குதுன்னு தான அது நெனைக்கும்" என்றார். மதி போதும் என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுவார்.

தெருவில் சும்மா இருப்பார்களா? "கல்யாணமான பொம்பள பேன்ட்ட மாட்டிக்கிணு குட்டிக்கரணம் அடிக்குது பாரேன்" என்று சிரித்தார்கள். அப்படிச் சொன்ன ஒருவர்தான் இன்று தெருமுக்கில் 'வீராங்கனையே' என்று அவருக்கு ஆளுயர பேனர் வைத்திருக்கிறார். கீழே தன் படத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கிறார். சீ என்றிருக்கிறது.

நான் வீடியோ எடுத்த நாளுக்கு வருகிறேன். மதி சரிவின் மேல் குந்தி, "அக்கா, கை இருக்குதா?" என்று கேட்டாள். "இருக்குது" என்றார் கலாவதி, தாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி. மதி உருண்டு எழுந்து உட்கார்ந்தாள். நான் கதவிடுக்கில் நின்று அதைப் போனில் எடுத்தேன். பெருமை தாங்காமல் தெருக் குழுவிலும் போட்டுவிட்டேன். பெருமைதானா, அல்லது என் மகள் ஜடமில்லை என்று ஊருக்குக் காட்டும் வெறியா? கலாவதியின் உடையைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். "அக்கா தூக்கிப் போட்டாங்க, இது விழுந்துச்சு" என்று மறுநாள் பள்ளியில் மதியைக் கேலி செய்தார்கள். அதன்பின் அவள் மெத்தைப் பக்கமே வரவில்லை.

கலாவதி வந்து வாசலிலேயே நின்றார். "புள்ளையக் கேட்டீங்களா சார்? என்னைய கேட்டீங்களா?"

வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

"போன்ல?"

"அழிச்சிட்டேன்" என்றேன். அழிக்கவில்லை.

அவர் நம்பினார். மறுபடியும் படுத்து உருளுவதிலிருந்து மதிக்குத் தொடங்கினார். அவளுக்குத் திரும்பத் தன்மேல் நம்பிக்கை வர மூன்று மாதம் ஆனது. இன்று பத்து வயதில் மதி கையூன்றிப் பக்கவாட்டில் சக்கரம் சுற்றுகிறாள்.

போன வாரம் பேனர்க்காரர் வந்தார். "சார், படத்திறப்புக்கு எல்.இ.டி. ஸ்கிரீன் வைக்கிறோம். அந்தம்மா குட்டிக்கரணம் சொல்லிக் குடுக்கிற வீடியோ போட்டீங்களே, குடுங்க." மதியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். வீடியோவை அழிக்கவே இல்லை என்ற உண்மையை மகளிடம் முதன்முறையாகச் சொன்னேன். மதி போனை வாங்கிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். நடுவில் நிறுத்தி என்னிடம் காட்டினாள்.

"அக்கா கை என்மேல படவே இல்லப்பா."

ஆமாம். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் அந்தக் கை காத்திருந்தது. தாங்கியே ஆக வேண்டிய அவசியம் வரவே இல்லை. கலாவதி தூக்கித்தான் விட்டார் என்று நானும் இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். என் மகளைப் பற்றி ஊர் நினைத்ததைத்தான் நானும் நினைத்திருக்கிறேன்.

"நானேதான் பண்ணிருக்கேன்" என்றாள் மதி. பிறகு, "இப்ப அழிச்சிடுங்க. அக்கா வேணாம்னாங்க இல்ல?"

வெளியே போய், வீடியோ தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மதியின் கண்ணெதிரே அழித்தேன். கலாவதியிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு விரல் இடைவெளி மட்டும்தான்.