அம்மாவுக்குத் தெரிந்த மெட்டு

மெல்பேர்ண் புறநகர் டண்டினொங்கில் கடையொன்றின் ஒலிபெருக்கியில் அந்தப் பழைய ஆங்கிலக் காதல் பாட்டை யாரோ ஒரு புதுப் பாடகி பாடினாள். தள்ளுவண்டியைப் பிடித்தபடி அப்பா நின்றுவிட்டார்.

எழுபதுகளில் நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணில் இருந்த அப்பாவிடம் வந்த புதிது. குசினி ரேடியோவில் அமெரிக்க 'சோல்' இசைப் பாடகர் ஒருவர் அதே பாட்டில் உருக, வெங்காயம் அரிந்த அம்மாவும் கூடவே முணுமுணுத்தார்.

அப்பாவின் முகம் மாறியது. "இங்கிலீஷ் பாட்டு உனக்கு ஆர் பழக்கினது?"

"இஞ்சருங்கோ, இது எங்கட தமிழ்ப்படப் பாட்டு. இவங்கள் களவெடுத்துப் போட்டாங்கள்." அம்மா தமிழ் வரிகளில் முழுதாகப் பாடியும் காட்டினார். மெட்டைச் சுட்டது நம் படக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"படத்துக்கே போகாத பிள்ளையெண்டுதானே கொப்பர் கலியாணம் பேசினவர்?" அப்பா தாத்தாவைப் பேச்சுக்குள் இழுத்தார்.

அம்மா ரேடியோவை நிறுத்தினார்.

அம்மா இப்போது இல்லை. கடையில் பாட்டு முடிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கெண்டாலும் சொன்னவவோ, அந்தப் படத்துக்கு ஆரோட போனவ எண்டு?"