பிரிந்த பிறகு பதிவு செய்த மூன்று பாட்டுகள்

ஆல்பத்தின் எட்டுப் பாட்டில் ஐந்து முடிந்திருந்தபோது நானும் என் கணவனும் பிரிந்தோம்.

எங்கள் குழுவில் மூன்று பேர். என் கணவன் கிடார் வாசித்துப் பாடுவான். நான் பேஸ் கிடார் வாசித்துக் கூடவே பாடுவேன், வரிகளும் எழுதுவேன். டிரம்ஸ் வாசித்த நண்பனுக்கு மும்பை செம்பூரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே சின்ன ஸ்டுடியோ இருந்தது. பதிவும் அவனே செய்தான். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு, தாராவியில் என் மாமனார் நடத்தும் தோல்பைப் பட்டறையிலிருந்து வந்தது. ஆல்டர்நேட்டிவ் ராக் என்று நாங்கள் சொன்னதை மாட்டுங்காவில் என் அம்மா இரைச்சல் என்றாள்.

சண்டை எதுவும் இல்லை. கல்யாணமாகி நாலாவது வருஷம், ஒரு ஞாயிறு காலை துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"நமக்குள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னு தோணுது. உனக்கு?" என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "ஆல்பம்?" என்றேன்.

"அத முடிச்சிருவோம்."

மீதித் துணியையும் மடித்து வைத்தோம். அடுத்த வாரம் அவன் தாராவிக்குப் போனான், நான் மாட்டுங்காவுக்கு.

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னடி இது? பிரிஞ்சாச்சுங்கறே, சேர்ந்து பாடப் போறேங்கறே?"

"வேலைம்மா," என்றேன்.

என் கணவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தருவேன். அதை வைத்துப் பாடினால் உச்சரிப்பு இடறும். அதனால் அவன் பாடும்போதெல்லாம் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். மீதி மூன்றில் ஒரு பாட்டு, நாங்கள் வாடகைக்கு எடுத்த முதல் வீட்டைப் பற்றி நான் எழுதியது. ஜன்னல் ஓரம் வாழ வந்தோம் என்று ஒரு வரி.

மைக் பட்டனை அழுத்தி, "'வால'ன்னு கேக்குது. வாழ," என்றேன்.

"வாழ."

"இன்னும் கொஞ்சம் நாக்க மடி. வாழ."

இப்படிப் பதினாலு தடவை. நண்பன் தலையைத் தூக்காமல் பதிவு செய்துகொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு ஆபீசில் ஃபைல் சரிபார்ப்பது போலத்தான் இருந்தது. கடைசியில் சரியாக வந்தது. "ஓகே," என்றேன்.

ஆல்பம் வெளியாகி இரண்டு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு யாரோ தங்கள் கல்யாண வீடியோவுக்கு அந்த ஜன்னல் பாட்டைப் போட்டார்கள். பார்த்தவர்களும் போட்டார்கள். ஒரு விமர்சனத்தில், காதலிக்கும் இருவரால்தான் இப்படிப் பாட முடியும் என்று எழுதியிருந்தது. என் ஆபீசில் கூட வேலை செய்யும் மராத்திப் பெண், அது என் பாட்டு என்று தெரிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தாதரில் நடந்த அவள் கல்யாணத்துக்குப் போனேன். மணமக்கள் அந்தப் பாட்டோடுதான் உள்ளே வந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் கூட்டம் கூடவே பாடியது. யாரோ எழுதிய பாட்டைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பாந்தூப்பில் ஒரே ஒரு கச்சேரி செய்தோம். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரே மைக்கில் பாடச் சொல்லிக் கத்தினார்கள். பாடினோம். அவன் வாயில் அதிமதுர வாசனை வந்தது. தொண்டை சரியில்லை போல என்று நினைத்தேன், அவ்வளவுதான். இறங்கியதும் நண்பன், "அடுத்த ஆல்பம் இருக்கா?" என்று கேட்டான். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் இல்லை என்றோம்.

விவாகரத்து வந்த வாரம் மாமியார் போன் செய்தார். "பாட்டு கேட்டம்மா. ஒரே சத்தமா இருக்கு, ஒண்ணும் வெளங்கல. நீ எழுதினதுன்னு இவன் சொல்லுதான்."

"ஆமா அத்தை."

அவருக்குப் பின்னால் பட்டறைத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

காலையில் என்ன சாப்பிட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.