நீல டிரம்மில் போன மண்

“…அதெல்லாஞ் சரி சாமி, பேட்டரியக் கம்பெனிக்காரன் எடுத்துக்குவான். இந்த மண்ண எவன் வந்து எடுத்துக்குவான்?” என்று அக்கா கேட்டபோது நான் நல்ல பேச்சுச் சூட்டில் இருந்தேன். போன தை மாதம், திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் காட்டில், கிணற்றுக்கு மேற்கே நின்றபடி, ஜெர்மனியில் ஒரு பொருளைச் செய்தவனேதான் அது செத்த பிறகும் பொறுப்பு என்று அவளுக்கு அளந்துகொண்டிருந்தேன். அப்பா போன பிறகு காட்டை எங்கள் இருவருக்கும் பாகம் பிரிப்பதென்று முடிவாகி, அதற்காகத்தான் ஜெர்மனியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தேன். அக்கா அங்கேயே இருந்து பாடுபடுகிறவள். எனக்குக் கிணற்று மேட்டில் ஒரு துண்டு போதும், பின்னாளில் திரும்பி வந்து ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது வெளியே போன நாளிலிருந்து வளர்த்து வரும் ஆசை. அந்தத் துண்டின் நடுவில்தான், நாலு கட்டில் போடும் அகலத்துக்கு, புல்கூட முளைக்காமல் வெளுத்துப்போன ஓர் இடம் கிடக்கிறது. அக்கா அதைத்தான் கால் விரலால் காட்டிக் கேட்டாள்.

பதில் சொல்வதற்கு முன்னால் என் பொறாமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் நினைப்பதுபோல அங்கத்தியக் கார் மேலோ சம்பளத்தின் மேலோ எனக்குப் பொறாமை இல்லை. நான் இருக்கும் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் யூர்கன், பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாள் அவருக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. கொண்டுவந்த அதே இரண்டு பேர், பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். யூர்கன் கதவைப் பிடித்துக்கொண்டு ‘ச்யூஸ்’ என்றார். போய்வா என்று அர்த்தம். ஆட்களுக்குச் சொன்னாரா, ஃப்ரிட்ஜுக்குச் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காதே, பழசுக்கு என்ன விலை போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “ஸீ மியூஸன்” என்றார், எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று. நான் மறுபடி, கெஞ்சினால்தான் எடுப்பார்களா என்றேன். அவர் மறுபடி “மியூஸன்” என்றார். அப்படியே உள்ளே போய்ப் புது ஃப்ரிட்ஜில் பால் வைத்தார். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதே மனிதர் தோட்டத்தில் கேரட்டைப் பிடுங்கி, கழுவக்கூட இல்லாமல் பேண்ட்டில் துடைத்துக் கடிப்பார். மண்ணை இப்படி நம்பித் தின்ன முடிகிறதே என்று அதற்கும் ஒரு தரம் எரியும்.

ஏன் எரியாது? நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் எனக்கு ஒரு சின்னப் பேட்டரிக் கடை இருந்தது. அதற்கென்று படித்ததில்லை, பார்த்துப் பழகிய தொழில். புது பேட்டரி போட வருகிற லாரிக்காரர் பழசை விட்டுவிட்டுப் போவார். பழசு எடுக்கிற யாவாரியோ, தண்ணியோடு இருந்தால் தராசில் ஏற்ற விடமாட்டார். உள்ளே இருக்கும் ஆசிடை எங்கள் தொழிலில் தண்ணி என்றுதான் சொல்வோம். கடை வாசலில் கொட்டினால் சண்டை வரும் என்று, பழைய பேட்டரிகளை டிவிஎஸ் வண்டியில் கட்டிக் காட்டுக்குக் கொண்டுவந்து, அன்றைக்கு யாருக்கும் உதவாமல் கிடந்த அந்த இடத்தில் கவிழ்ப்பேன். சுண்ணாம்பு மண் அது, புஸ்ஸென்று நுரைக்கும். குப்புசாமி என்று ஒரு டிரைவர், செத்த பேட்டரிக்கும் போய்ச்சேர ஒரு ஊடு வேணுமப்பா என்பார். நான் காட்டின வீடு இதுதான். சட்டையெல்லாம் பொத்தல் விழும், அக்காதான் ஒட்டுப் போட்டுத் தைப்பாள். என்னடா கொட்டறே என்று அவள் ஒரு நாள் கேட்டதற்கு, தண்ணிதானுங்க்கா என்றேன்.

அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறியது. ஜெர்மனிக்குப் போன முதல் வருடம் என் பழைய காரில் பேட்டரி செத்தது. பழசைக் கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். எடுத்துக்கொள்கிறவருக்கு அழுக்காகக் கொடுக்கலாமா? ஆறு மூடியையும் திருகி, குடியிருப்புக்குப் பின்னால் புதரோரம் கவிழ்த்து, கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் தூக்கிப் பார்த்துவிட்டு, இதிலிருந்த ஆசிட் எங்கே என்றாள். உங்களுக்காகச் சுத்தம் செய்துவிட்டேன் என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. அவள் முகம் வெளுத்து, என் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், வெந்திருக்கிறதா என்று. பிறகு எங்கே கொட்டினேன் என்று கேட்டு, எங்கள் குடியிருப்புக்குப் போன் போட்டாள். அடுத்த நாள் எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு வந்து, புதரோரத்தில் முழங்கால் ஆழம் தோண்டி, மண்ணை ஒரு நீல டிரம்மில் போட்டு, மூடி, சீட்டு ஒட்டினார். அதை எடுத்துப்போக ஒரு வண்டி வந்தது. கெடுத்தது கம்பெனி இல்லை, நான் என்பதால் செலவு என் தலையில் விழுந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குச் செலவோ வெட்கமோ பெரிதாகப் படவில்லை. பெயர் எழுதிய டிரம்மில் உட்கார்ந்து வண்டியேறிப் போன அந்த ஒரு கூடை மண்ணைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். எங்கள் காட்டு மண்ணுக்கு அப்படி ஒரு வண்டி வராதே என்று.

இப்போது நம் நாட்டிலும் சட்டம் இறுகிவிட்டது. இந்த லீவில் போய்ப் பார்த்தபோது, என் பழைய கடையை நடத்துகிற நண்பன், பேட்டரியைத் தண்ணியோடு அப்படியே கம்பெனி வண்டிக்குத்தான் கொடுக்கிறேன், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது என்றான். கவிழ்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுவும் அவன் சொன்னதுதான். ஆனாலும் அவன் கடைக்குப் பின்னால் தூதுவளை படர்ந்திருந்தது. அவன் மேலும் பொறாமைதான். பத்து வருடம் பிந்திக் கடைக்கு வந்ததற்காக ஒருவன் மேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அக்கா பதிலுக்குக் காத்திருந்தாள். தண்ணிதான்னு நான் சொன்னது நினைவிருக்கா என்று மெதுவாகக் கேட்டேன்.

“நெனப்பில்லாமயா மூணு வருசமா இந்தக் கெணத்துத் தண்ணிய வாயில வெக்காம, பைப்புக்குக் கொடத்தத் தூக்கிட்டுப் போறேன்?” என்றாள். கிணறு அவ்வளவு தூரம் கெட்டிருக்கும் என்று அவள் சந்தேகப்படுவதே எனக்கு அப்போதுதான் தெரியும். போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. “மொதல்ல இத ஆரு எடுத்துக்கறதுன்னு சொல்லு தம்பி. மத்ததப் பொறவு பிரிக்கலாம்.”

என் டிக்கெட் பத்து நாள் கழித்து. டிரம்முக்கும் கையுறைக்கும் எங்கே போவது என்று மனம் கணக்குப் போட்டது. கூடவே, அவள் வெள்ளாமை செய்கிற கிழக்குத் துண்டையும் கண் அளந்தது. கறுகறுவென்று, கடலைச் செடி கணுக்கால் மறைக்க நின்றது. சொந்த அக்காவின் மண்ணைப் பார்த்து எரிந்த எரிச்சல், யூர்கனைப் பார்த்து எரிந்ததைவிடக் கூடுதல். நானேதான் எடுத்துக்கோணும் என்று கடைசியில் சொன்னேன்.

வரப்பில் நடவுக்குக் கட்டி வைத்திருந்த மரவள்ளிக் கட்டிலிருந்து அக்கா நாலு குச்சி உருவினாள். வெளுத்த இடத்தைச் சுற்றி நடந்து, மூலைக்கு ஒன்றாக நட்டு, காலால் மண்ணை அணைத்தாள். பிறகு மேய்ந்துகொண்டே அங்கே வந்துவிட்ட மேச்சேரி ஆட்டுக்குட்டியைத் தூக்கி, குச்சிகளுக்கு இந்தப்புறம், தன் பக்கத்தில் விட்டாள்.